மோதினார் ஊதிய பை

போன வாரம் அலுமாரியின் மேல்தட்டைத் துப்பரவாக்கும்போது என் மகள் ஒரு பையை இழுத்தெடுத்தாள். கைக்குட்டை அளவில் மெல்லிய, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பை. ஒரு மூலையில் சிறிய வெள்ளைக் குழாய், அதற்கொரு திருகு மூடி. பக்கத்து ஒட்டு நீளத்துக்குப் பிரிந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. மேலே ஒட்டியிருந்த துண்டில் என் கையெழுத்தில் ‘1’ என்ற இலக்கம். “கிழிஞ்ச பேக்கையெல்லாம் எதுக்கு உம்மா வச்சிருக்கீங்க?” என்று கேட்டாள். பதில் சொல்லுமுன் அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோனேன். இத்தனை வருடங்களுக்குப் பிறகு அதில் எந்த வாசமும் மிஞ்சியிருக்க வழியில்லை என்பது விஞ்ஞானம் படித்த எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் கராம்பு மணத்தது. சத்தியமாக மணத்தது.

அந்தப் பையை ஊதிக் கிழித்தவர் எங்கள் மோதினார். பள்ளிவாசலில் ஐந்து நேரமும் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைப்பவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். நான் மோதினார் மாமா என்று கூப்பிடுவேன். மன்னாரிலிருந்து தொண்ணூறாம் ஆண்டில் முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது கையில் கிடைத்ததோடு கிளம்பி வந்து கரைத்தீவுப் பக்கம் களப்போரத்தில் ஒதுங்கிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று, அவருடையதும் ஒன்று. வந்த புதிதில் பள்ளியும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. வெட்டிப்போட்ட தென்னங்குற்றி ஒன்றின் மேல் ஏறி நின்று காதில் கையை வைத்து அவர் பாங்கு சொல்வார். கிடுகுக் கொட்டில்களில் கடைசிக் கொட்டில் வரைக்கும் கேட்கும். நாங்கள் வந்து சேர்ந்த இடம் ஒரு ஊர்தான் என்பதை எங்களுக்கு முதலில் நம்பவைத்தது அந்தக் குரல். எனக்கு அப்போது ஆறு வயது. அந்தக் குற்றியும் அதன் மேல் காற்றில் படபடக்கும் அவர் இடுப்புச் சாரமும் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

பிறகு கல்லால் பள்ளி கட்டினார்கள், ஒலிபெருக்கி வந்தது. கூடவே அவருடைய ஒரு பழக்கமும் வந்தது. விடியற்காலைச் சுபஹு பாங்கு முடிந்ததும் மைக்கை இரண்டு தரம் தட்டி, “கேட்டுப்போட்டும் படுத்துக் கிடக்கிறவங்க எழும்புங்கோ!” என்பார். அதைச் சொல்லும்போது யாருடைய வீட்டை மனதில் வைத்துச் சொல்கிறார் என்று ஊரே ஊகிக்கும். பல நாள் அது எங்கள் வீடாகத்தான் இருக்கும். அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ‘ஹய்ய அலல் ஃபலாஹ்’, வெற்றியின் பக்கம் வாருங்கள், என்ற அந்த அழைப்பை இழுத்து, வளைத்து, மேலே கொண்டுபோய், இறக்கி, அவ்வளவையும் ஒரே மூச்சில் முடிப்பார். குறிஞ்சிப்பிட்டியிலிருந்து சம்பந்தம் பேச வந்தவர்கள்கூட அதைக் கேட்டுத் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்ததைக் கண்டிருக்கிறேன்.

இவ்வளவு பெரிய மூச்சுக்காரர் களவாகப் புகைப்பவர். பள்ளியின் பின்பக்கம், தண்ணீர்த் தாங்கிக்கும் மதிலுக்கும் நடுவில் நின்று இழுப்பார். வாடை தெரியக்கூடாதென்று ஒரு சிறிய தகர டப்பாவில் கராம்பு வைத்திருப்பார். வாயில் எப்போதும் ஒன்று கிடக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். கராம்பு மணத்தால் மோதினார் வருகிறார் என்று அர்த்தம், கராம்பு கூடுதலாக மணத்தால் மோதினார் இப்போதுதான் புகைத்தார் என்று அர்த்தம். அவரைத் தவிர எல்லாருக்கும் இது தெரியும். ஊருக்கு அவர் மேல் இருந்த மரியாதையில் ஒருவரும் வாய் திறந்ததில்லை.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் கழித்து, பாதிச் சனம் மன்னாருக்குத் திரும்புவதா இருப்பதா என்று கதைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் டொக்டர் மிஸ் எங்கள் ஊருக்கு வந்தார். சிலாபத்துச் சிங்களப் பெண், நெஞ்சு நோய் வைத்தியர். தமிழை எங்களைவிட வேகமாகக் கதைப்பார், சந்தோசமோ கோபமோ வந்தால் மட்டும் சிங்களம் எட்டிப்பார்க்கும். மனிதர் விடும் மூச்சை வைத்துச் சுவாசப்பைப் புற்றுநோயை முன்கூட்டியே பிடிக்க முடியுமா என்று பார்க்கும் ஓர் ஆய்வு. அதற்கு ஊர் ஊராக மூச்சு சேகரிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. உயர்தரத்தில் உயிரியல் படித்து, மருத்துவபீடத்தின் வெட்டுப்புள்ளியில் மயிரிழையில் வழுக்கி விழுந்து, மதரஸாவில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த என்னைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கால் தரையில் படவில்லை. வெள்ளை மேலங்கி ஒன்றும் தந்தார்கள். அதை முதல் நாளே வீட்டில் மூன்று தரம் போட்டுப் பார்த்தேன்.

டொக்டர் மிஸ் விளக்கிய அந்த முதல் நாளை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. நாம் விடும் மூச்சு வெறும் காற்றில்லை. நூற்றுக்கணக்கான நுண்ணிய வாசப் பொருட்கள் அதில் கலந்திருக்கின்றன. உடம்பில் நடப்பதெல்லாம் இரத்தத்தில் கரைந்து, இரத்தம் சுவாசப்பைக்கு வரும்போது மூச்சில் ஏறி வெளியே வந்துவிடுகிறது. புற்றுநோய்க் கலங்கள், அதாவது செல்கள், சாதாரணக் கலங்கள் மாதிரி வேலை செய்வதில்லை. அதனால் அவை விடும் வாசமும் வேறு. “எந்த வீட்டில மீன் ஆக்கிறாங்க என்டு தெருவில போகக்குள்ளயே தெரியும்தானே? குசினிக்குள்ள போய்ப் பார்க்கத் தேவையில்லையே. அதுதான் இது” என்றார். மனித மூக்குக்குப் பிடிபடாததைக் கொழும்பில் ஒரு மெஷின் பிரித்துக் காட்டும். எல்லாரையும் ஸ்கேன் எடுக்க முடியாது. யாரை எடுக்க வேண்டும் என்று காட்டுவதற்கு ஒரு வழி வேண்டும். அந்த வழி மூச்சா என்பதுதான் கேள்வி. “இந்தக் கரையிலயிருந்து என்னட்ட வாற ஆக்கள் எல்லாம் பிந்தித்தான் வாறாங்க. தூசி, உப்புக்காத்து, சளி என்டு சொல்லிச் சொல்லி, கடைசில வரக்குள்ள என்ட கையில ஒண்டும் இரிக்காது” என்று அவர் சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் வாப்பாவுக்கு அப்படித்தான் நடந்தது. கச்சான் காற்றால் வந்த இருமல் என்று ஒரு வருடம் தேனும் இஞ்சியும் கொடுத்தோம். பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் பிந்திவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு வாப்பா நாற்பது நாளும் இருக்கவில்லை.

மூச்சுக் கொடுக்க வரும்படி ஊருக்கு அறிவித்தவர் மோதினார்தான். நான் எழுதிக்கொடுத்த கடுதாசியை மதியத் தொழுகையான லுஹருக்குப் பிறகு மைக்கில் வாசித்தார். வெறும் வயிற்றோடு வரவேண்டும், ஒன்றும் சாப்பிடக்கூடாது, குடிக்கக்கூடாது என்பதுவரை கடுதாசியில் இருந்தது. அதற்கு மேல் தன் பங்குக்கு, “வாற டொக்டர் மிஸ் நம்மட ஊருக்கு விருந்தாளி. சுத்தமா வாங்கோ” என்று சேர்த்தார். அவ்வளவுதான். மறுநாள் காலை மதரஸா வாசலில் வரிசை நின்றது. உப்பளத்தில் வேலை செய்பவர்கள், வள்ளக்காரர், விறகடுப்பில் காலமெல்லாம் புகை தின்ற பெண்கள். வாசற்படியில் மோதினார் தகர டப்பாவோடு நின்றார். உள்ளே போகும் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு கராம்பு. “மிஸ்ட மூஞ்சிக்கு நேர ஊதப்போறீங்க. மரியாதையில்லாம ஊதப்படாது” என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கராம்பைச் சாப்பாட்டுக் கணக்கில் எங்கள் ஊரில் எவர் சேர்ப்பார்? நானும் சேர்க்கவில்லை. எவ்வளவு பண்பான மனிதர் என்று நினைத்தேன். மேலங்கி போட்ட விஞ்ஞானக்காரி நானும் ஒன்றை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

முதல் ஆளாக மோதினாரே வந்து உட்கார்ந்தார். ஊருக்கு வழிகாட்ட வேண்டுமல்லவா! முதலில் வரும் வாய்க்காற்றை வெளியே விட்டு, அடிநெஞ்சிலிருந்து வரும் கடைசிக் காற்றை மட்டும் மெதுவாகப் பைக்குள் விடவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். மெதுவாக என்ற சொல் அவர் காதில் ஏறவில்லை. கதிரையில் நிமிர்ந்து, பழக்கதோசத்தில் ஒரு கையைக் காதில் வைத்து, பாங்கு மூச்சை இழுத்து ஊதினார். பை புஸ்ஸென்று புடைத்து, ஒட்டு பிரிந்து, படாரென்று வெடித்தது. வரிசையில் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் மதரஸாக் கூரையில் இருந்த புறாக்கள் பறந்துபோயின. “இன்னொண்டு தாங்க மகள், இது லேசான பேக்” என்றார். மற்றொன்று கொடுத்து மற்றவர்களுடையதோடு அனுப்பினேன். முதல் பையைக் குப்பையில் போட மனம் வராமல் வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

இரண்டு வாரத்தில் டொக்டர் மிஸ் திரும்பி வந்தார். கையில் நீளமான கடுதாசிச் சுருள், அதில் மலைத்தொடர் மாதிரிக் கோடுகள். ஒவ்வொருவர் மூச்சிலும் ஒரே இடத்தில் ஒரே பெரிய மலை. மற்ற எல்லாவற்றையும் அது மறைத்துவிட்டது. “அனே, உங்கட ஊருக்கே ஒரு புது நோய் வருத்தம் என்டு நெனச்சிட்டு நான் ரெண்டு நாள் தூங்கல்ல. பொறகு மெஷினில இருக்கிற பொடியன் சொல்றான், மிஸ் இது கராம்பு எண்ணெய் என்டு!” வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் கோபமாகத் தொடங்கிச் சிரிப்பில் முடித்தார். ஆனால் சிரித்து முடித்ததும் முகம் வாடிவிட்டது. ஐந்தாறு மணித்தியாலம் உண்ணாமல், குடிக்காமல், புகைக்காமல், பல்லும் துலக்காமல் இருந்தால்தான் மூச்சு சுத்தமாகக் கிடைக்கும். ஆனால் ஒரு வைத்தியருக்கு முன்னால் நாறும் வாயோடு வந்து நிற்க இந்த ஊரில் யார் சம்மதிப்பார்கள்? வேறு ஊர் பார்ப்பதா என்று அவர் தனக்குத்தானே கதைத்தார்.

குற்றவாளியாகக் கதவோரம் நின்ற மோதினார்தான் அதற்கு வாய் திறந்தார். “மிஸ், உங்களுக்கு நாறுற வாய்தானே வேணும்? நோன்பு மாசத்தில வாங்க. பின்னேரம் அஸருக்குப் பொறகு வாங்க. ஊரே நாறும். ஒருத்தரும் வெக்கப்படமாட்டாங்க.” நான் துள்ளி எழுந்துவிட்டேன். எப்படி எனக்கு இது தோன்றாமல் போயிற்று! நோன்பு பிடித்தவர் பகல் சாய்ந்த பிறகு பல் துலக்குவதை எங்கள் பக்கத்தில் விரும்புவதில்லை. நோன்பாளியின் வாய் வாடை அல்லாஹ்விடத்தில் கஸ்தூரியைவிட மேலானது என்று சின்ன வயதிலேயே எங்களுக்கு ஓதித்தந்திருக்கிறார்கள். அந்த ஒரு மாதம் மட்டும் எங்களுக்கு வாய் நாற்றம் ஒரு கௌரவம். சோறு இல்லை, தண்ணீர் இல்லை, புகை இல்லை, கராம்பு இல்லை. ஊர் முழுவதும் தானாகவே ஆய்வுகூட ஒழுங்குக்கு வந்துவிடும். டொக்டர் மிஸ் கையிலிருந்த கடுதாசியைச் சுருட்டினார். “பட்டினி கிடந்தா மூச்சில ஒரு சாமான் கூடும். ஆனா அது எல்லாருக்கும் கூடும், எது என்டும் எங்களுக்குத் தெரியும். அதக் கழிச்சுப் பார்க்கலாம்... ஹரி. ஹரி! சரிதான்! இத ஏன் ஒருத்தரும் எனக்கு முதல்லயே சொல்லல்ல?” என்று கைதட்டினார். ஊதினால் நோன்பு முறியாதா என்ற கேள்வியை மார்க்கம் படித்த மௌலவியிடம் கொண்டுபோனோம். உள்ளே போனால்தானே முறியும், இது வெளியே போவதுதானே என்று அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அந்த நோன்பு மாதத்துப் பின்னேரங்களைப் போல் நான் வேலை செய்த நாட்கள் வேறில்லை. வெளியே களப்பின் மேல் கச்சான் காற்று ஊதும், உள்ளே சனம் ஊதும். நோன்புக் கஞ்சி கொதிக்கும் வாசம் பள்ளிப் பக்கத்திலிருந்து வந்து எல்லாரையும் வதைக்கும். கிழடுகட்டைகள்கூட வாயை நன்றாகத் திறந்து, பெருமையோடு ஊதிவிட்டுப் போனார்கள். பையிலிருந்த காற்றை விரல் நீள உருக்குக் குழாய்க்குள் இழுத்து, மூடி, இலக்கம் ஒட்டி, குளிர்ப்பெட்டியில் அடுக்குவேன். பெயர்ப் பட்டியல் என் கொப்பியில் மட்டும் இருக்கும். கொழும்புக்குப் போவது இலக்கம்தான். யாருடைய மூச்சு என்பது டொக்டர் மிஸ்ஸுக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. ஒவ்வொரு குழாயும் மூடிக்கொள்ளும் சத்தத்தில் எனக்கு வாப்பாவின் நினைவு வரும். அழுகை வராது, ஒரு வேகம்தான் வரும்.

வராமல் போக்குக் காட்டியவர் ஒருவர்தான். யோசனை சொன்ன மோதினாரே! இன்றைக்குத் தொண்டை கரகரப்பு, நாளைக்குக் கஞ்சி காய்ச்ச ஆளில்லை, மறுநாள் பள்ளியில் கூட்டம். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட மாதிரி, நோன்பு வாயில் கராம்பு போட முடியாது என்பது யோசனையைச் சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. புகை வெளிப்பட்டுவிடும் என்ற பயம். கடைசி நாள் அவரே மைக்கில், “இன்னும் ஊதாதவங்க இன்டைக்குப் போய் ஊதுங்கோ” என்று அறிவிக்கும்படி ஆயிற்று. அறிவித்துவிட்டு எந்த முகத்தோடு வீட்டில் இருப்பார்? அஸர் தொழுகை முடிந்து எல்லாரும் போன பிறகு, தொப்பியைச் சரிசெய்தபடி வந்து உட்கார்ந்தார். கராம்பு மணக்காத மோதினாரை அன்றைக்குத்தான் முதல் தரமாகப் பார்த்தேன். மெதுவாக, மிக மெதுவாக ஊதினார். பை நிறைந்தது. நாற்பத்தொன்று என்று இலக்கம் ஒட்டினேன்.

பெருநாள் கழிந்து பத்து நாளில் தொலைபேசி வந்தது. வழக்கமான கலகலப்பு டொக்டர் மிஸ்ஸின் குரலில் இல்லை, ஆனால் அடக்கிவைத்த ஒரு பரபரப்பு இருந்தது. நான்கு இலக்கங்களைச் சொன்னார். “அதில நாப்பத்தொண்டு தெளிவாத் தெரியுது. புகைக்கிற ஆள் என்டும் தெரியுது. யாரெண்டு நான் கேக்கல்ல. நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க. பயப்படுத்தாதீங்க, இது முடிவில்ல, சந்தேகம் மட்டும். ஸ்கேன் பார்த்துத்தான் எதுவும் சொல்லலாம்.” நான் கொப்பியைத் திறக்கவேயில்லை. நாற்பத்தொன்று யாரென்று அறிய எனக்குக் கொப்பி தேவையில்லை.

லுஹருக்கும் அஸருக்கும் நடுவில் அவர் வீட்டுக்குப் போனேன். விறாந்தையில் கதிரை போட்டுத் தந்தார். சொல்லவேண்டியதை டொக்டர் மிஸ் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னேன். வீட்டுக்குள் ஒரு தரம் எட்டிப்பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“மகள், மறைக்காம சொல்லுங்க. புகையையும் அந்த மெஷின் காட்டிக் குடுத்திச்சா?”

“ஓம் மாமா.”

“டொக்டருக்குத் தெரியுமா?”

“டொக்டருக்கு நாப்பத்தொண்டு மட்டும்தான் தெரியும். அது நீங்க என்டு எனக்கு மட்டும்தான் தெரியும்.”

உள்ளேயிருந்து அவர் மனைவி, மாமியின் சத்தம் வந்தது. “எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்! கராம்பு திண்டா விளங்காது என்டு நெனச்சிட்டு இருந்த ஒரே ஆள் நீங்கதான்!” நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை. அவரும் சிரித்துவிட்டார். தகர டப்பாவை மடியிலிருந்து எடுத்துத் ணங்கென்று கதிரைக் கையில் வைத்தார். ஸ்கேன் எடுக்க அடுத்த நாளே வந்தார்.

நான்கு பேரில் மூவருக்கு ஸ்கேனில் ஒன்றுமில்லை. அதில் ஒரு மீன் முதலாளி, சும்மா இருந்த மனிதனைப் பயம் காட்டினாய் என்று என்னை நடுத்தெருவில் திட்டித் தீர்த்துவிட்டு, மறுநாள் ஒரு பெரிய பாரைமீனை வீட்டுக்கு அனுப்பினார். நான்காமவர் மோதினார். இடப்பக்கச் சுவாசப்பையின் மேல் மூலையில் ஒரு புள்ளி இருந்தது. ஊசி விட்டுச் சோதித்து உறுதிப்படுத்தினார்கள். டொக்டர் மிஸ் படத்தை வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார். “இவ்வளவு சின்னதா நான் கண்டதில்ல. கராம்புத் தலையளவுதான். இருமல்கூட இல்லாத ஆள்! இப்ப எடுத்தா அந்த மூலையோட போயிரும்” என்றார். நானும் அவரும் ஆஸ்பத்திரி நடைபாதையில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அழுதோமா சிரித்தோமா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

மோதினார் ஒப்புக்கொள்ளவில்லை. நோய்க்கு அவர் பயப்படவில்லை. வெட்டுக்குப் பயந்தார். “ஊரைக் கூப்பிட அல்லாஹ் தந்த மூச்சு மகள் இது. அதில ஒரு மூலைய வெட்டிப்போட்டா, மிச்சத்தால எதக் கூப்பிடுவன்? வாறது வரட்டும்” என்றார். மாமி அழுதார். மௌலவி எடுத்துச் சொன்னார். டொக்டர் மிஸ் சிலாபத்திலிருந்து இரண்டு தரம் வந்தார், இரண்டு தரமும் பிளேன்டீ குடித்துவிட்டுத் திரும்பினார். ஒரு வாரம் போயிற்று, மூன்று வாரம் போயிற்று. பாங்கு ஐந்து நேரமும் முன்னைவிட நீளமாக, முன்னைவிட அழகாக ஒலித்தது. ஊர்ச் சனம் மெய்மறந்து கேட்டது. அந்த நீளத்தைக் கேட்கமுடியாமல் நான் மட்டும் ஜன்னலைச் சாத்தினேன்.

ஒரு நாள் பின்னேரம் தாங்கமுடியாமல் அவர் வீட்டுக்குப் போனேன். பெரியவர் முன்னால் குரலை உயர்த்தி எனக்குப் பழக்கமில்லை. அன்றைக்கு உயர்த்திவிட்டேன். “மாமா, அஸருக்கு எப்ப பாங்கு சொல்லுவீங்க?” என்று கேட்டேன். இவளுக்கு என்ன பிடித்திருக்கிறது என்பது போலப் பார்த்து, “நேரம் வந்ததும்” என்றார். “பொழுதுபட்டு மஃரிப் ஆன பொறகு அஸருக்குப் பாங்கு சொன்னா?” என்றேன். “அது பாங்கா?” என்று கோபித்தார். “என்ட வாப்பாக்கு அப்பிடித்தான் சொன்னாங்க. எல்லாம் முடிஞ்ச பொறகு சொன்னாங்க. உங்களுக்கு நேரத்தோட சொல்லியிரிக்கு மாமா. நீங்க கேட்டுப்போட்டும் படுத்துக் கிடக்கிறீங்க!” சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அவருடைய வார்த்தையை எடுத்து அவர் முகத்திலேயே எறிந்துவிட்டேன். மாமி வாயில் சீலைத் தலைப்பை வைத்துக்கொண்டு நின்றார். மோதினார் எழுந்து, தொப்பியைப் போட்டு, அஸருக்குப் பாங்கு சொல்லப் போய்விட்டார். மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் நின்றார். கையில் ஒரு சொப்பிங் பேக்கில் மாற்றுச் சாரமும் தஸ்பீஹ் மணியும். “எழும்பிட்டன் மகள். போவம்” என்றார்.

கொழும்பில் வெட்டி எடுத்தார்கள். பரவியிருக்கவில்லை. அந்தச் செய்தியை டொக்டர் மிஸ் தொலைபேசியில் கத்திச் சொன்னார், நான் ஊருக்குள் ஓடி ஓடிச் சொன்னேன். மூன்று மாதம் அவர் பாங்கு சொல்லக்கூடாது என்றிருந்தார்கள். அந்த மூன்று மாதமும் ஒருவர் தன் கைத்தொலைபேசியில் பதிவுசெய்த பாங்கை மைக்குக்குப் பக்கத்தில் பிடிப்பார். பிழையில்லாத பாங்கு, அரபு நாட்டுக் குரல். ஊருக்கு ஒட்டவேயில்லை. ஒரு நாள் பாங்கின் நடுவில் யாரோ அந்தத் தொலைபேசிக்கு அழைப்பெடுத்து, சினிமாப் பாட்டு மணியடித்து, அதோடு மௌலவி அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டார்.

பிறகு ஒரு நாள் அஸர் நேரம் ஒலிபெருக்கியில் இரண்டு தட்டு கேட்டது. முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஈர உடுப்போடு அப்படியே நின்றேன். பக்கத்து வளவுகளிலும் சத்தம் நின்றது. குரல் மெலிந்திருந்தது, ஆனால் அவருடைய குரல். ஒவ்வொரு வரியாக ஏறிவந்து, அந்த இடத்துக்கு வந்தார். ‘ஹய்ய’ என்று தொடங்கினார். நின்றது. ஒலிபெருக்கியின் இரைச்சல் மட்டும் கேட்டது. அவர் மூச்சு இழுக்கும் சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. எனக்குத் தெரியும், அந்த நேரம் எங்கள் ஊரில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. ‘அலல் ஃபலாஹ்’ என்று முடித்தார். நான் முற்றத்து மணலில் குந்தி இருந்து அழுதேன், சந்தோசத்தில் சத்தம் போட்டு அழுதேன். மறுநாள் சுபஹுக்கு மைக்கைத் தட்டி, “கேட்டுப்போட்டும் படுத்துக் கிடக்கிறவங்க...” என்று தொடங்கியவர் முடிக்கமுடியாமல் இருமினார். ஆனால் ஊரே எழும்பியிருந்தது.

மூச்சுச் சோதனை இன்னும் ஆய்வாகவே இருக்கிறது. பல்லில் துளை பார்ப்பதைப் போல எல்லா ஆஸ்பத்திரியிலும் வரும் நாள் இன்னும் வரவில்லை, தவறும் சில நேரம் சொல்கிறது என்று டொக்டர் மிஸ் ஒளிவில்லாமல் சொல்வார். ஆனாலும் அவர் வரும்போதெல்லாம் புதிதாக ஒன்று கொண்டுவருவார், நானும் பிள்ளை மாதிரிக் கேட்டுக்கொண்டிருப்பேன். மோதினார் இப்போதும் பாங்கு சொல்கிறார். டப்பாவில் கராம்பு இல்லை, மாமி அதில் ஊசியும் நூலும் வைத்திருக்கிறார். வருடத்துக்கொரு தரம் என் முன்னால் வந்து உட்கார்ந்து பை ஊதுவார். முதல் மூச்சில் பாதி, இரண்டாம் மூச்சில் மீதி. “இது பாரமான பேக்” என்பார்.

இவ்வளவையும் மகளுக்குச் சொல்லி முடிக்கும்போது அவள் கிழிந்த பைக்குள் கையைவிட்டு விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஏழு வயதுக்கு இதெல்லாம் எவ்வளவு ஏறியிருக்கும்! பையை வாங்கி மடித்து, பழைய இடத்திலேயே வைத்தேன். அவள் கதிரையின் மேல் ஏறி நின்று, காதில் கையை வைத்து, விளையாட்டுக்குப் பாங்கு சொல்லத் தொடங்கினாள். ‘ஹய்ய’ என்றாள். நிறுத்தினாள். நெஞ்சு நிறைய ஒரு மூச்சு எடுத்தாள். ‘அலல் ஃபலாஹ்’ என்று முடித்தாள்.

“நடுவில ஏன் மகள் நிப்பாட்டினீங்க?” என்று கேட்டேன்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்பது போலப் பார்த்தாள். “அங்க மூச்சு எடுக்கணும் உம்மா. அப்பிடித்தான் பாங்கு.”